தொட்டிலுக்குள் எவரும் காணாத குழந்தை



ஒரு திகில் திரைப்படத்தைப் பற்றிப் போதகர் ஒருவர் எழுதலாமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தப் படத்தைப் பாருங்கள் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. அது பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத்தக்க படமும் அன்று. ஆயினும் அதன் கடைசிக் காட்சியைக் குறித்து ஒரு விந்தையான செய்தி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. படம் பார்த்துத் திரையரங்கைவிட்டு வெளியே வந்தவர்களில் பலர், திரையில் ஒருபோதும் காட்டப்படாத ஒன்றைத் தங்கள் கண்களாலேயே கண்டதாக உறுதிபடக் கூறினார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். உள்ளபடியே கண்டதாகத்தான் நம்பினார்கள். சாட்சி என்னும் சொல்லை ஒவ்வொரு ஞாயிறும் உச்சரிக்கிற நமக்கு இது அற்பமான செய்தியன்று.

படத்தின் பெயர் 'ரோஸ்மேரிஸ் பேபி', அதாவது ரோஸ்மேரியின் குழந்தை. ஐரா லெவின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1967இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. மலிவான திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற வில்லியம் காசில் என்பவர் நாவலின் திரைப்பட உரிமையை வாங்கினார். தாமே இயக்கவும் விரும்பினார். பாரமவுண்ட் நிறுவனமோ அவரைத் தயாரிப்பாளராக இருத்திவிட்டு, இயக்கும் பொறுப்பைப் போலந்தைச் சேர்ந்த ரோமன் போலன்ஸ்கியிடம் ஒப்படைத்தது. போலன்ஸ்கி கிராக்கோ நகரின் யூதச் சேரியில் சிறுவனாக உயிர்தப்பியவர்; அவருடைய தாய் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். இதே மனிதர்தான் 1977இல், பதின்மூன்று வயதுச் சிறுமியோடு சட்டவிரோதமாகப் பாலுறவு கொண்ட குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மறு ஆண்டு தண்டனை விதிக்கப்படும் முன்பே அமெரிக்காவைவிட்டு ஓடியவர். படத்தின் பெருமையைப் பேசுகிற பலர் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

கதை இதுதான். நியூயார்க் நகரின் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ரோஸ்மேரி என்னும் இளம்பெண் தன் கணவனோடு குடியேறுகிறாள். கணவன் வாய்ப்புக்காக ஏங்கும் நடிகன். அடுத்த வீட்டில் அளவுக்கு மீறி அன்பு காட்டும் முதிய தம்பதியர் வசிக்கிறார்கள். ஓர் இரவு ரோஸ்மேரி உண்ட இனிப்பில் மருந்து கலக்கப்பட்டிருக்கிறது. அரைமயக்கத்தில் அவள் ஒரு கொடுங்கனவு காண்கிறாள். பூனையின் கண்களைப் போன்ற மஞ்சள் கண்கள் மேலிருந்து அவளை உற்று நோக்குகின்றன. பின்னர் கருவுறுகிறாள். அண்டை வீட்டார் சாத்தானை வணங்கும் கூட்டத்தார் என்றும், தன் கணவன் தன் முன்னேற்றத்துக்காகத் தன்னை அவர்களுக்கு விற்றுவிட்டான் என்றும் சிறிது சிறிதாகச் சந்தேகம் கொள்கிறாள். பிள்ளை பிறந்ததும் அது இறந்துவிட்டதாக அவளிடம் சொல்லப்படுகிறது. ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் அவள் காதில் விழுகிறது.

கட்டடத்தின் வெளிப்புறமாகக் காட்டப்படுவது நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கு மேற்கே நிற்கும் டகோட்டா என்னும் மாளிகை. உட்புறக் காட்சிகள் ஹாலிவுட் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டன. படம் 1968 ஜூன் மாதம் வெளியாயிற்று. அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரைப்பட அலுவலகம் அதைக் கண்டனத்துக்குரிய படங்களின் வரிசையில் வைத்தது. அதற்கு முகாந்திரம் இருந்தது. கதை நிகழும் காலம் 1965, 1966. ஆறாம் பவுல் போப்பாண்டவர் 1965 அக்டோபரில் நியூயார்க்குக்கு வந்திருந்த வேளையில்தான் அந்தக் கொடுங்கனவு இரவு அமைகிறது. கனவில் அவரே தோன்றி அவளை மன்னிக்கிறார். மருத்துவரின் காத்திருப்பு அறையில் ரோஸ்மேரி ஒரு பத்திரிகையைக் கையில் எடுக்கிறாள். அது 1966 ஏப்ரல் 8ஆம் தேதியிட்ட 'டைம்' இதழ். கடவுள் இறந்துவிட்டாரா என்று கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் கேட்ட அந்த அட்டை அந்நாளில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. இறையியல் கல்லூரி மாணவர்களாயிருந்த எங்களுக்கு அந்த அட்டை பாடத்தில் வந்தது. இத்தகைய படமொன்றிலும் அது இடம்பெற்றிருப்பதை எந்த ஆசிரியரும் சொல்லவில்லை.

இனி அந்தக் கடைசிக் காட்சி. ரோஸ்மேரி சமையல் கத்தி ஒன்றைக் கையில் ஏந்தி, சுவர் அலமாரியின் பின்புறமாக மறைந்திருந்த வழியே அடுத்த வீட்டுக்குள் நுழைகிறாள். அங்கே பெரியவர்கள் பலர் விருந்துக்குக் கூடியவர்கள்போல் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு மூலையில் கறுப்புத் துணி போர்த்திய தொட்டில். அதன்மேல் தலைகீழாகத் தொங்கும் சிலுவை. அவள் திரையை விலக்கி உள்ளே பார்க்கிறாள். நாம் பார்ப்பதோ அவள் முகத்தை மட்டுமே. அவள் கண்கள் விரிகின்றன. கை வாயை மூடுகிறது. அதன் கண்களை என்ன செய்தீர்கள் என்று அலறுகிறாள். தகப்பனின் கண்கள்தான் பிள்ளைக்கு வாய்த்திருக்கின்றன என்று அண்டை வீட்டு முதியவர் அமைதியாகப் பதில் சொல்கிறார். கைகளைப் பார், கால்களைப் பார் என்று கூட்டத்திலிருந்து குரல்கள் எழுகின்றன. கத்தி நழுவி மரத்தரையில் குத்திக்கொண்டு நிற்கிறது. அந்த வீட்டு மூதாட்டி வந்து கத்தியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, தரையில் விழுந்த வடுவை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள்! வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் எந்தப் பாட்டியும் செய்கிற காரியம் அது. அந்த வேடத்தில் நடித்த ரூத் கார்டன் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார்; இந்த ஒரு செய்கைக்காகவே கொடுத்திருக்கலாம். இறுதியில் குழந்தை அழுகிறது. தாயாக இருக்கமாட்டாயா என்று முதியவர் கேட்கிறார். ரோஸ்மேரி தொட்டிலை மெல்ல ஆட்டத் தொடங்குகிறாள். அவள் முகத்தில் புன்னகை அரும்புவது போலிருக்கிறது. தாலாட்டு ஒலிக்க, படக்கருவி அந்த அறையைவிட்டு வெளியேறி நகரத்தின் கூரைகளைக் காட்ட, படம் முடிகிறது.

குழந்தை ஒரு நொடிகூடக் காட்டப்படவில்லை.

போலன்ஸ்கி 1984இல் வெளியான தம் தன்வரலாற்றில் இதைக் குறிப்பிடுகிறார். பிளவுபட்ட குளம்புகள் உட்பட அந்தக் குழந்தையைத் தெளிவாகக் கண்டதாக நம்பிக்கொண்டு பலர் திரையரங்குகளிலிருந்து வெளியே வந்தார்களாம். அவர்கள் மெய்யாகக் கண்டது மிகச் சொற்பம். முந்தைய கனவுக் காட்சியில் வந்த பூனைக் கண்கள், கண்ணிமைக்கும் பொழுதுக்கு, மங்கலாக மேற்பதிந்து மறைகின்றன. அவ்வளவுதான். பேய், பிசாசு எதிலும் தமக்கு நம்பிக்கை இல்லாததால், எல்லாம் அந்தப் பெண்ணின் கற்பனையாகவும் இருக்கலாம் என்பதற்கு ஒரு வாசலைத் திறந்தே வைக்க விரும்பியதாகவும் அவர் எழுதுகிறார். குழந்தையைக் காட்டியிருந்தால் அந்த வாசல் அடைபட்டிருக்கும். அவர் திறந்து வைத்ததைப் பார்வையாளர்கள் தாங்களே அடைத்துக்கொண்டார்கள்.

இது எப்படி நிகழ்ந்தது? ஒரு காரணம், அந்தப் படம் தொடக்கம் முதலே பார்வையாளரை இதற்குப் பழக்கிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். அண்டை வீட்டு மூதாட்டி படுக்கையறையில் அமர்ந்து தொலைபேசியில் பேசுவதைக் கூடத்திலிருந்து படமெடுக்க வேண்டும். ஃப்ரேக்கர் அவள் முழுவதும் தெரியும்படி படக்கருவியை அமைத்தார். போலன்ஸ்கியோ அதை நகர்த்தச் சொன்னார். கதவுச் சட்டம் குறுக்கே நின்று அவளுடைய முகத்தை மறைத்துவிட்டது. இது என்ன கோணம் என்று ஃப்ரேக்கருக்கு விளங்கவில்லை. படம் திரையிடப்பட்டபோது அரங்கிலிருந்த அத்தனை பேரும் கதவுக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதற்காக ஒரே நேரத்தில் தலையை ஒருபுறமாகச் சாய்த்தார்களாம். தட்டையான திரையில் கதவைத் தாண்டி எட்டிப் பார்க்க முடியாது என்பது அவர்கள் அறிவுக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இப்படி எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் தொட்டிலுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில் வியப்பில்லை.

நாவலுக்கும் இதில் பங்கு உண்டு. லெவின் குழந்தையின் கண்களை ஒளிவுமறைவின்றி வருணிக்கிறார்: முழுவதும் பொன்மஞ்சள் நிறம், நடுவே செங்குத்தான கறுப்புக் கீற்று. புத்தகத்தை வாசித்துவிட்டுப் படத்துக்குப் போனவர்கள், பக்கத்தில் வாசித்ததையும் திரையில் பார்த்ததையும் பின்னாளில் பிரித்தறிய முடியாமற்போயிருக்கலாம்.

ஆனால் குளம்பு எங்கிருந்து வந்தது? கால்களைப் பார் என்று ஒரு குரல் சொல்கிறதே தவிர, எப்படிப்பட்ட கால்கள் என்று எவரும் சொல்வதில்லை. இங்கேதான் நம்முடைய திருச்சபையின் வரலாறு உள்ளே வருகிறது. சாத்தானுக்கு ஆட்டுக் குளம்பு உண்டென்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தலைகளும் பத்துக் கொம்புகளுமுள்ள வலுசர்ப்பம் வருகிறது. அது வேறு உருவம். இத்தாலியின் ராவென்னா நகரில், புதிய புனித அப்பொலினாரே ஆலயத்தில், ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்பதிப்பு ஓவியம் உள்ளது. கிறிஸ்து செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கிறார். வெள்ளாடுகளின் பக்கம் நீல நிறத்தில் ஒரு தூதன் நிற்கிறான். அவனே கிறிஸ்தவக் கலையில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய பிசாசு உருவமாக இருக்கக்கூடும் என்று கலை வரலாற்றாசிரியர் சிலர் கருதுகிறார்கள். அவனுக்குக் கொம்பில்லை, வாலில்லை, குளம்பில்லை, அழகாகவே இருக்கிறான். ஆட்டுக்காலும் கொம்பும் கிரேக்கரின் பான் போன்ற பழைய தெய்வங்களின் சாயலோடு இடைக்கால ஓவியங்களிலும் ஆலய நாடகங்களிலும் ஒட்டிக்கொண்டவை. 1968இல் திரையரங்கில் அமர்ந்திருந்தவர், காலியாக விடப்பட்ட தொட்டிலை இந்தப் பழைய ஓவியக் கிடங்கிலிருந்து எடுத்து நிரப்பினார். ஏதேன் தோட்டத்துக் கனியை ஆப்பிள் என்று நம்மில் பலர் சத்தியம் செய்வதும் இப்படித்தான். ஆதியாகமத்தில் ஆப்பிள் இல்லை. வேண்டுமானால் இன்றிரவு மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்.

மனித நினைவு இவ்வாறு இயங்குவதை ஆய்வாளர்கள் வேறு வழிகளிலும் கண்டிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் சோதனை நம் கதைக்கு மிக அருகில் நிற்கிறது. அதுவும் ஒரு பேய்க் கதையின் முடிவைப் பற்றியதே. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேய வாசகர்களுக்குக் கொடுத்து, சிறிது காலம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஆவிகளின் போரில் காயமுற்ற இளைஞன் வீடு திரும்பி, சூரியன் உதித்ததும் விழுந்து சாகிறான். அவன் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று வெளிவருகிறது. அது என்னவென்று கதை சொல்வதில்லை. வாசகர்களால் அதை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை. வாயில் நுரை தள்ளியதாகவும், ஆவி பிரிந்ததாகவும் மாற்றிச் சொன்னார்கள். கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. தங்களுக்குப் பழக்கமான பொருளைக் கொண்டு பழக்கமில்லாததைச் செப்பனிட்டார்கள், செப்பனிட்டதை அறியவுமில்லை.

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படமொன்றைக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம், கார்கள் 'மோதியபோது' எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். வேறு ஐம்பது பேரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டார்கள். மீதி ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று அனைவரிடமும் வினவினார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'மோதிய' என்று கேட்டவர்களில் 7 பேர். மற்றவர்களில் 6 பேர். கேள்வியில் இருந்த ஒரு சொல் கண்ணாடியை உடைத்துவிட்டது. 1989இல் ஹெலன் இன்ட்ராப் என்னும் ஆய்வாளரும் அவருடைய உடன்பணியாளரும் இன்னொன்றைக் கண்டார்கள். அருகில் வைத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் பார்த்தவர்கள், பின்பு அதை நினைவிலிருந்து வரையும்போது, படத்தின் விளிம்புக்கு வெளியே இருந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்தே வரைந்தார்கள். சட்டத்துக்குள் அடங்கியிருக்க மனம் ஒப்புவதில்லை.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இவனுடைய முடிவு என்ன என்று பேதுரு இன்னொரு சீஷனைக் காட்டிக் கேட்கிறார். நான் வரும்வரை இவன் இருக்க எனக்குச் சித்தமானால் உனக்கென்ன என்னும் கருத்தில் ஆண்டவர் மறுமொழி கூறுகிறார். அந்தச் சீஷன் சாவதில்லை என்ற பேச்சு சகோதரருக்குள்ளே பரவிவிட்டது. சுவிசேஷகர் உடனே குறுக்கிடுகிறார்: அவன் சாவதில்லை என்று இயேசு சொல்லவில்லை, 'சித்தமானால்' என்றே சொன்னார் என்று சொற்களைத் திரும்பவும் எழுதிக் காட்டுகிறார். 'ஆனால்' என்ற ஒரு நிபந்தனை உதிர்ந்து போயிருந்தது. அதைக் கூறியவர்கள் விசுவாசிகள், கேட்டவர்களும் விசுவாசிகள்.

திரைப்படத்தைச் சுற்றியும் கதைகள் வளர்ந்தன. 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் 'சாத்தானின் சபை' என்ற அமைப்பைத் தொடங்கிய ஆன்டன் லாவே என்பவரே படத்தில் பிசாசாக நடித்தார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த வேடத்தில் தோன்றியவர் கிளே டானர் என்னும் நடிகர். இசையமைப்பாளர் கொமேடா 1969 ஏப்ரலில் இறந்ததையும், அதே ஆண்டு ஆகஸ்டில் போலன்ஸ்கியின் நிறைமாதக் கர்ப்பிணி மனைவி ஷேரன் டேட் கொலையுண்டதையும், 1980இல் டகோட்டாவின் வாசலில் ஜான் லெனன் சுடப்பட்டதையும் ஒரே நூலில் கோத்து, படத்துக்குச் சாபம் உண்டென்கிறார்கள். இவ்வகைக் கோர்வைகளை நான் ஏற்பதில்லை. மனிதர் செய்த கொலைக்கு மனிதர் பொறுப்பு.

இவையெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சென்று விட்டுவிடலாம். ஆனால் காணாததைக் கண்டதாக நம்பும் இதே மனம் 1980களில் அமெரிக்காவில் நீதிமன்றப் படியேறியது. 1980இல் கனடாவைச் சேர்ந்த ஒரு மனநல மருத்துவரும் அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணும் சேர்ந்து, அவள் சிறுமியாக இருந்தபோது சாத்தானிய சடங்குகளுக்கு உட்படுத்தப்பட்டதாக ஒரு நூல் எழுதினார்கள். மறந்துபோனவை சிகிச்சையின்போது நினைவுக்கு வந்தனவாம். அதை உறுதிப்படுத்தும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயினும் நூல் பரவியது. காவலர் பயிற்சிகளிலும் சபைக் கூட்டங்களிலும் இத்தகைய கதைகள் உண்மைகளாகவே பேசப்பட்டன. இதில் பிரசங்கபீடங்களின் பங்கு சிறிதன்று என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

1983இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில், மெக்மார்ட்டின் குடும்பத்தார் நடத்திய மழலையர் பள்ளிமீது ஒரு புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விசாரிக்கப்பட்டார்கள். நிலத்தடிச் சுரங்கங்கள், கொல்லப்பட்ட விலங்குகள், தேவாலயத்தில் நடந்த சடங்குகள் என்று வாக்குமூலங்கள் பெருகின. ஏழு பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஐவர்மீதான குற்றச்சாட்டுகள் 1986இல் கைவிடப்பட்டன. மற்ற இருவரின் வழக்கு 1990வரை நீண்டு, ஒருவர்கூடக் குற்றவாளியாகத் தீர்க்கப்படாமல் முடிந்தது. அதற்குள் ஒருவர் ஐந்து ஆண்டுகள் சிறையில் கழித்துவிட்டார். பிள்ளைகள்மீது நடக்கும் கொடுமை மெய்யானது. அதைச் சொல்லும் பிள்ளையைச் செவிகொடுத்துக் கேட்டே ஆகவேண்டும். இந்த வழக்கில் செவிகொடுத்தலுக்குப் பதிலாக வேறொன்று நடந்தது. 1992இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் கென்னத் லானிங், பல ஆண்டுகள் இத்தகைய புகார்களை ஆராய்ந்தபின், நாடளாவிய சாத்தானியக் கொலைக் கூட்டம் ஒன்று இருப்பதற்குச் சான்று இல்லை என்று அறிக்கை அளித்தார். அதன் பின்னும், 1994இல் ஆர்கன்சா மாநிலத்தில், மூன்று சிறுவர்களின் கொலைக்காக மூன்று பதின்பருவத்தினர் தண்டிக்கப்பட்டார்கள். சாத்தானிய சடங்குக் கொலை என்பதே அரசுத் தரப்பின் வாதம். அவர்கள் வெளியே வந்தது 2011இல்.

மன்ஹாட்டன் பீச் பள்ளியில் படித்த பிள்ளைகளுள் ஒருவர், 2005இல் முப்பது வயதை எட்டியிருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ் ஒன்றில் பேசினார். அங்கே தமக்கு எவரும் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்றார். தாம் சொன்ன பதில் விசாரித்தவர்களுக்குப் பிடிக்காதபோதெல்லாம், அவர்கள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்த பதிலை அந்தச் சிறுவன் கொடுத்தான்.